சிலம்பைக் கொடுத்தாள், சொல்லைக் கொடுத்தாளா?

கண்ணகியைப் பாடாத தமிழ் மேடை இல்லை. மன்னனை மறித்து நீதி கேட்ட துணிவைப் பாடுவார் பலர். மாநகரை எரித்த சினத்தைப் பாடுவார் பலர். அவற்றுக்கெல்லாம் முன்பு, கைப்பொருள் அற்று வந்து நின்ற கணவனுக்குத் தன் காற்சிலம்பைக் கொடுக்க அவள் முன்வந்தாளே, அந்தச் சிறிய காட்சியை மட்டும் நம் புலவர் பெருமக்கள் ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார்கள். கற்பு என்பது அந்தச் சொல். தேர்வுத் தாளிலும் மாணவர் அதையே எழுதுகிறார், மதிப்பெண்ணும் பெறுகிறார்.

அந்த ஒரு சொல்லோடு நிறைவு கொள்ள நம்மால் இயலவில்லை. பொருள் முட்டிப்போன காதலனுக்குக் காதலி கை கொடுப்பது எளிய செய்தி போலத் தோன்றும். உண்மையில் அது மிகக் கடினமான செயல். இல்லை என்று சொல்ல நாணுகிறான் ஒருவன். அந்த நாணம் புண்படாமல் எப்படிக் கொடுப்பது என்று தவிக்கிறாள் ஒருத்தி. அந்தத் தவிப்பைச் சிலப்பதிகாரத்திலும், சூத்திரகர் இயற்றிய மிருச்சகடிகம் என்னும் வடமொழி நாடகத்திலும், நார்வே நாட்டு இப்சன் எழுதிய 'பொம்மை வீடு' நாடகத்திலும் காண்கிறோம். மூன்றும் மூன்று நாட்டின, மூன்று மொழியின. ஆயினும் மூன்றிலும் ஒன்று நிகழ்கிறது: அன்பினால் கொடுத்த பொருள், கடைசியில் வழக்குப் பொருளாகிச் சட்டத்தின் முன் நிற்கிறது. அன்பு ஏன் குற்றவாளிக் கூண்டில் ஏற வேண்டும்? இந்தக் கேள்விக்கு விடை தேடுவதே நம் நோக்கம்.

புகாரில்

கதையை நாடறியும், நமக்கு வேண்டிய பகுதியை மட்டும் எடுத்துக்கொள்வோம். மாசாத்துவான் மகன் கோவலன். மாநாய்கன் மகள் கண்ணகி. இருவரும் புகாரின் பெருவணிகக் குடியினர். மணநாளில் அவனுக்கு வயது 16, அவளுக்கு 12. மாதவி அரங்கேறிய நாளில் சோழன் அவளுக்கு 1008 கழஞ்சு பொன் பரிசளித்தான். அந்தப் பொன்னின் அளவையே விலையாக வைத்து, அவளுடைய மாலையைச் செல்வர் உலவும் தெருவில் ஒரு கூனி விற்றாள், கோவலன் வாங்கினான். அந்தக் காதல் விலைச்சீட்டோடு பிறந்தது.

மலையாய் இருந்த முன்னோர் செல்வம் மடுவாயிற்று. கடற்கரையில் பாட்டோடு பிறந்த ஐயம் மாதவியையும் பிரித்தது. வீடு திரும்பிய கோவலன் வாடிய மனைவியைக் காண்கிறான். பொய்யானவளோடு கூடிக் குலம் தந்த செல்வத்தைத் தொலைத்தேன், இந்த வறுமை எனக்கு நாணம் தருகிறது என்கிறான். கண்ணகி புன்னகை பூக்கிறாள். சிலம்புகள் இருக்கின்றன, எடுத்துக்கொள்ளுங்கள் என்கிறாள். அவ்வளவுதான்!

எவ்வளவு தொலைந்தது என்று அவள் கேட்கவில்லை. எதற்கு வேண்டும் என்று கேட்கவில்லை. மாதவிக்குக் கொடுக்கப் பொருளில்லாமல்தான் இவன் வருந்துகிறான் என்று எண்ணியே சிலம்பைக் காட்டினாள் என்று உரை சொல்வாரும் உண்டு. அப்படியானால் அந்தப் புன்னகை எத்தனை கொடுமையை மூடிக்கொண்டிருந்தது! தன் வாழ்வைப் பறித்தவளுக்கே தன் கடைசி அணியையும் அனுப்ப ஒருத்தி இசைந்தாள் என்றால், அதைப் புகழ்ந்து நகர்வது திறனாய்வா? அவளை அந்த நிலைக்கு வளர்த்துவிட்ட சமுதாயத்தைப் பார்த்து ஒரு கேள்வியாவது கேட்க வேண்டாமா?

கோவலனுக்கும் நாம் நீதி செய்ய வேண்டும். சிலம்பை அவன் செலவுக்கென்று வாங்கவில்லை. இதை முதலாக வைத்து, போன அணிகலன்களையும் அழிந்த பொருளையும் மீண்டும் ஈட்டுவேன் என்கிறான். வணிகன் மகன் பேசும் பேச்சு அது. கொடையைக் கொடையாகப் பெற அவன் மனம் கூசுகிறது. முதல் என்று பெயர் மாற்றிக்கொண்டால் தலை நிமிர்கிறது. இதே கோவலன் பிறருக்கு அள்ளி அள்ளிக் கொடுத்தவன் என்பதைப் பின்னால் மாடலன் வாயிலாக இளங்கோ சொல்கிறார். கொடுக்கக் கற்றவனுக்கு வாங்கக் கற்றுத்தர ஆளில்லை. ஈகை ஆண்மகனுக்கு அழகு, ஏற்பது அவனுக்கு இழுக்கு என்று ஓதி ஓதி வளர்த்தார்கள். அந்தப் பாடம்தான் அவனைப் புகாரை விட்டு விரட்டுகிறது.

ஆம், விரட்டுகிறது என்றே சொல்கிறோம். சிலம்பை விற்க மதுரைக்கு ஏன் போக வேண்டும்? புகாரில் பொன் வணிகர் இல்லையா? மாசாத்துவானுக்கும் மாநாய்கனுக்கும் வாசல் அடைத்துப்போயிற்றா? அந்தச் சிலம்பு கண்ணகியின் சிலம்பு என்பதற்குப் புகாரில் ஊரே சான்று. மதுரையிலோ ஒரு சான்றும் இல்லை. தெரிந்தவர் முகத்தில் விழிக்க நாணி, தெரியாத ஊரைத் தேடிப் பொழுது புலருமுன் புறப்பட்டார்கள். பெற்றோருக்கும் சொல்லவில்லை. ஒற்றைச் சிலம்போடு கடைத்தெருவில் நின்ற அயலானைக் கள்வன் என்று சொல்ல, அரசியின் சிலம்பைத் திருடிய பொற்கொல்லனுக்கு எவ்வளவு எளிதாயிற்று! அந்தச் சிலம்புக்கு மதுரையில் வாய் இல்லை. வாய் உள்ள ஒருத்தியோ ஆயர் சேரியில் காத்திருந்தாள்.

ஊழ் அவனை இழுத்துச் சென்றது என்பார்கள். ஊழைத் தம் காப்பியத்தின் உண்மைகளுள் ஒன்றாக இளங்கோ வைத்தார் என்பதை மறுக்கவில்லை. ஆனால் அந்தக் காவிய மேதை ஊழை வானத்திலிருந்து இறக்கவில்லை. மனிதர் மனத்தின் வழியாகவே நடத்திக்காட்டினார். நாணம் அவனை நடத்தியது. மௌனம் அவளை உடன் நடத்தியது. விதி என்று சொல்லி நூலை மூடிவிடுபவர், கவிஞர் காட்டிய காரணங்களைப் படிக்காமல் விட்டவர்.

கண்ணகி பேசத் தெரியாதவளா? காமவேள் கோட்டம் தொழுதால் கணவன் வருவான் என்று தேவந்தி சொன்னபோது, அது பெருமை அன்று என ஒரே சொல்லில் மறுத்தவள் அவள். மதுரையில் மாதரி வீட்டில் சோறிட்டபின், சான்றோர் போற்றாத ஒழுக்கத்தை நீங்கள் மேற்கொண்டீர்கள் என்று கணவனின் முகத்துக்கு நேரே சொன்னவள். தன் சிரிப்பு மாமன் மாமிக்கு வருத்தம் தந்த பொய்ச் சிரிப்பு என்பதையும் அங்கேதான் சொல்கிறாள். அந்தச் சொற்கள் முன்பே பிறந்திருந்தால்? புகாரிலேயே, சிலம்பைக் கொடுக்கும்போதே, இது என் அணி, இதனை என் கண்ணெதிரே, நம்மை அறிந்தவர் நடுவே விற்போம் என்று ஒரு சொல் பிறந்திருந்தால்? அடுத்து அவள் தன் ஊரும் பெயரும் சிலம்பின் உள்ளிருக்கும் பரலும் சொல்லி முழுமையாகப் பேசுவது பாண்டியன் அவையில். அப்போது கேட்க வேண்டியவன் உயிரோடு இல்லை.

பழி மாதவியையும் விடவில்லை. பொருள் போனதற்குக் கோவலன் அவள்மேல் குற்றம் சொன்னான். அவள் கேட்டுப் பிடுங்கினாள் என்று காட்டும் காட்சி ஒன்றைக் காப்பியத்தில் தேடிப் பார்த்தோம், கிடைக்கவில்லை. கோசிகன் கொணர்ந்த அவளது ஓலையைப் படித்தபின் அவள் தீதற்றவள் என்று கோவலனே தெளிகிறான். என் கை வறண்டுவிட்டது என்று அவன் மாதவியிடம் ஒருநாளாவது சொன்னானா? சொன்னதாக இளங்கோ எழுதவில்லை. பின்னாளில் தன் செல்வம் முழுவதையும் உதறித் துறவு பூண்ட மாதவி, அதைக் கேட்டிருந்தால் கை விரித்திருப்பாளா? காதலிக்கும் சொல்லவில்லை, மனைவிக்கும் காலம் கடந்து சொன்னான். இல்லாமையினும் அதை ஒளித்ததே பெரிய கேடாயிற்று.

உச்சயினியில்

இனி வடக்கே செல்வோம். மிருச்சகடிகத்தைப் பண்டிதமணி மு. கதிரேசச் செட்டியார் 'மண்ணியல் சிறுதேர்' என்னும் அழகிய பெயரில் தமிழாக்கித் தந்தார். அதன் தலைவன் சாருதத்தன், கொடுத்துக் கொடுத்தே ஏழையானவன். அவனைக் காதலிப்பவள் வசந்தசேனை என்னும் செல்வக் கணிகை. மனைவி தூதை. பொருளற்ற ஒருவனுக்குப் பொருளுள்ள இருவர் எப்படியெல்லாம் உதவப் பார்க்கிறார்கள் என்பதே அந்த நாடகத்தின் உயிரோட்டம்.

வசந்தசேனை தன் அணிகளை அவன் வீட்டில் அடைக்கலப் பொருளாக வைக்கிறாள். இரவில் கன்னமிட்ட கள்வன் அவற்றைக் கொண்டுபோகிறான். ஈடு செய்யச் சாருதத்தனிடம் ஒன்றும் இல்லை. தூதையிடம் தாய்வீட்டிலிருந்து வந்த முத்துமாலை ஒன்று இருக்கிறது. அதை நேரே கொடுத்தால் கணவன் வாங்கமாட்டான் என்று அறிந்தவள், நோன்புக்குரிய தானம் என்று சொல்லி அவன் நண்பன் மைத்திரேயன் கையில் கொடுக்கிறாள். நண்பன் வழியே மாலை வருகிறது. சாருதத்தன் என்ன செய்கிறான்? மனைவியின் பொருளால் தாங்கப்படும் ஆண் பெண்ணாகிவிடுகிறான் என்று முதலில் குமைகிறான். பிறகே, இப்படி ஒரு மனைவி இருக்கும்போது நான் ஏழையல்லன் என்று தேறுகிறான். அதன்பின்னும், உன் அணிகளைச் சூதில் தோற்றுவிட்டேன் என்ற பொய்யோடு முத்துமாலையை வசந்தசேனைக்கு அனுப்புகிறான். களவுபோன அணிகள் அதற்குள் அவளிடமே திரும்பி வந்துவிட்டன. உண்மையை அறிந்தும் அறியாதவள் போல மாலையை அவள் வாங்கிக்கொள்கிறாள்.

பாருங்கள் தோழர்களே! மனைவி பொய் சொல்லிக் கொடுக்கிறாள். கணவன் பொய் சொல்லி அனுப்புகிறான். காதலி தெரியாதவள் போல் பெறுகிறாள். மூவரும் நல்லவர்கள். மூவரின் பொய்யும் ஓர் ஆணின் தன்மானத்துக்குக் கட்டிய வேலி.

அந்த வேலிக்கு வெளியே நின்ற ஒரே உயிர் ஒரு குழந்தை. சாருதத்தனின் மகன் பொன்தேர் வேண்டும் என்று அழுகிறான். அவனுக்குக் கிடைத்தது மண்தேர். வசந்தசேனை தன் அணிகளைக் கழற்றி அந்த மண்தேரை நிரப்பி, இதைக் கொண்டு பொன்தேர் செய்துகொள் என்கிறாள். குழந்தைக்கு வாங்க வெட்கமில்லை. அதனால் கொடுப்பவளுக்கும் பொய் தேவைப்படவில்லை. நாடகத்துக்கே அந்தத் தேரின் பெயர் அமைந்தது எவ்வளவு பொருத்தம்!

ஆயினும் அந்த அணிகளும் தப்பவில்லை. அவற்றைத் திருப்பிக் கொடுக்க எடுத்துச்சென்ற மைத்திரேயன், வசந்தசேனையைக் கொன்றதாகச் சாருதத்தன்மேல் வழக்கு நடக்கும் மன்றத்தில் நுழைந்து, பொய்ப்பழி சுமத்திய அரசனின் மைத்துனனோடு கைகலக்கிறான். அணிகள் தரையில் சிதறுகின்றன. நகைக்காகக் கொன்றான் என்பதற்கு அதுவே சான்றாகிறது. கொலைத் தண்டனை! வசந்தசேனை உயிரோடு வந்து நின்றதால் அவன் பிழைத்தான். கோவலனுக்கு அந்த வாய்ப்பு இல்லை. வேறுபாடு அவ்வளவே.

நார்வேயில்

காலம் மாறியது, கடல் கடந்தோம். இப்சனின் 'பொம்மை வீடு' 1879-ஆம் ஆண்டு மேடையேறியது. அதன் தலைவி நோரா. கணவன் ஹெல்மர் நோயுற்றான். தென்னாடு சென்றால் பிழைப்பான் என்றனர் மருத்துவர். அவனோ கடன் என்ற சொல்லையே வெறுப்பவன். நோரா ஒருவனிடம் மறைவாக 4,800 குரோனர் கடன் வாங்கினாள். தந்தை தந்த பணம் என்று கணவனிடம் சொன்னாள். மனைவி கணவனின் இசைவின்றிக் கடன் வாங்க முடியாத காலம் அது. ஆகவே பிணையாகத் தந்தையின் கையெழுத்தைத் தானே இட்டாள். அதில் இருந்த நாள், தந்தை இறந்து மூன்று நாள் கழிந்த நாள்!

பிறகு ஆண்டுக்கணக்கில் உடைச்செலவில் மிச்சம் பிடித்தாள். குளிர்கால இரவுகளில் அறைக்கதவைத் தாழிட்டுக்கொண்டு படியெடுக்கும் வேலை செய்தாள். கணவனிடம் ஏன் சொல்லவில்லை என்று தோழி கேட்கிறாள். எனக்குக் கடன்பட்டிருக்கிறோம் என்று தெரிந்தால் அவருடைய ஆண்மைச் செருக்கு எவ்வளவு வேதனைப்படும் என்ற கருத்தில் அவள் விடை சொல்கிறாள். சாருதத்தன் வீட்டு முத்துமாலை நம் கண்முன் வருகிறதன்றோ?

கடன் கொடுத்தவன் கையெழுத்தைக் காட்டி மிரட்டுகிறான். உண்மை வெளிப்பட்டதும் ஹெல்மர் செய்தது என்ன? தன்னைச் சாவிலிருந்து மீட்டவளைப் பொய்க்காரி என்கிறான், குற்றவாளி என்கிறான், பிள்ளைகளை வளர்க்கத் தகாதவள் என்கிறான். கடன்பத்திரம் திரும்பி வந்ததும், தான் தப்பியதாகத் துள்ளுகிறான். நோரா உடை மாற்றிக்கொண்டு வந்து, வாழ்வில் முதல்முறையாகக் கணவனை எதிரே அமர்த்திக் கணக்குப் பேசுகிறாள். பேசி முடித்ததும் கதவைச் சாத்திவிட்டு வெளியேறுகிறாள்.

மூன்று காட்சிகளையும் ஒன்றாக வைத்துப் பாருங்கள். கண்ணகி கேளாமல் கொடுத்தாள். தூதை திரைக்குப் பின்னிருந்து கொடுத்தாள். நோரா பொய்யால் மூடிக் கொடுத்தாள். மூவரும் காத்தது ஆணின் செருக்கை. அன்று பெண்ணின் செல்வம் காசாக இல்லை, அணியாக இருந்தது. அணியை விற்றால்தான் உதவி. விற்கப் போனாலோ ஐயம். நோராவுக்கு அணியும் உதவவில்லை; கையெழுத்திடும் உரிமையும் இல்லை. வெளிச்சத்தில் கொடுக்க உரிமை இல்லாதவள் இருட்டில் கொடுத்தாள். இருட்டில் கைமாறிய பொருள், எந்த ஊரிலும் திருட்டுப் பொருள் போலவே தோன்றும். அன்பு கூண்டில் ஏறிய காரணம் இதுவே.

நம் வீட்டில்

இவை பழங்கதைகள் என்று ஒதுக்க முடியாது. பெண்ணுக்குச் சொத்தில் சம உரிமை வேண்டும் என்று 1929-இல் செங்கற்பட்டுச் சுயமரியாதை மாநாடு தீர்மானித்தது. இந்து வாரிசுரிமைச் சட்டத்துக்கு 1989-இல் தமிழ்நாடு கொண்டுவந்த திருத்தமும், 2005-இல் இந்திய நாடாளுமன்றம் கொண்டுவந்த திருத்தமும் மூதாதையர் சொத்தில் மகளுக்கும் பங்கு தந்தன. இன்று பெண் சம்பளம் வாங்குகிறாள். தன் பெயரில் வங்கிக் கணக்கு வைத்திருக்கிறாள். அலைபேசியைத் தொட்டு நொடியில் பணம் அனுப்புகிறாள். கொடுக்கும் கை மாறிவிட்டது. வாங்கும் மனம் மாறியதா?

வேலை இழந்த இளைஞன் அதைக் காதலியிடம் மறைத்து, பிறந்தநாள் பரிசுக்கு வட்டிக்கு வாங்குகிறான். அவன் முகவாட்டத்தைக் கண்டவள், வீட்டுக்குத் தெரியாமல் கழுத்துச் சங்கிலியை அடகுக் கடையில் வைக்கிறாள். மீட்க முடியாத நாளில், சங்கிலி எங்கே என்று தாய் கேட்கிறாள். அங்கே கூடுகிறது ஒரு சின்னப் பாண்டியன் அவை! அவன் ஏமாற்றுக்காரன் என்று பெயர் பெறுகிறான். அவள் ஏமாளி என்று பெயர் பெறுகிறாள். இருவரும் அப்படிப்பட்டவர்கள் அல்லர். பேசாதவர்கள், அவ்வளவே.

காதலில் கணக்கா என்று கேட்பார்கள். கணக்குப் பார்த்தால் காதல் கெடும் என்று கவிதை பாடுவார்கள். நாம் சொல்கிறோம்: கணக்கைப் பேச அஞ்சும் காதலில் இன்னும் அச்சம் குடியிருக்கிறது. எவ்வளவு குறைகிறது என்று கேட்பது அவமதிப்பு ஆகாது. இது கடனா, கொடையா என்று முன்பே பேசிக்கொள்வது அன்பின்மை ஆகாது. என்னால் இவ்வளவுதான் இயலும் என்பது கஞ்சத்தனம் ஆகாது. வேண்டாம் என்று அவன் சொன்னால், அந்த மறுப்பை மதிப்பதும் உதவியே. கொடுத்ததைச் சொல்லிக்காட்டி ஆட்டிவைப்பது மட்டும் கூடாது. அப்படிக் கொடுத்தவர் பொருளைக் கொடுக்கவில்லை, விலங்கைப் பூட்டினார். கேட்பவரும் ஒன்றை உணரவேண்டும். நாளுக்கொரு காரணம் சொல்லி, கணக்கு மட்டும் சொல்லாமல், அன்பைக் காட்டிப் பணம் கறப்பவன் காதலன் அல்லன். அவனை அடையாளம் காண்பதற்கும் இந்தக் கேள்விகளே கருவி. நேர்மையாளன் அவற்றுக்கு விடை சொல்வான். வஞ்சகன் கோபம் கொள்வான்.

ஆண் கொடுத்தால் வள்ளல், பெண் கொடுத்தால் பத்தினி, ஆண் பெற்றால் இழுக்கு என்னும் மூன்று அளவுகோல்களையும் முறித்துப் போடுவோம். இருவர் சமமானவர் என்றால், கொடுப்பதும் பெறுவதும் இருவருக்கும் பொதுவாக இருக்கட்டும். இன்று அவள் கை தாழ்ந்தால் அவன் தாங்குவான். நாளை அவன் கை தாழ்ந்தால் அவள் தாங்குவாள். இதில் நாணுவதற்கு என்ன இருக்கிறது?

கண்ணகியின் கொடையை நாம் சிறுமைப்படுத்தவில்லை. தன்னிடம் எஞ்சியிருந்ததை எடுத்து நீட்டிய அந்தக் கை பெருமைக்குரிய கை. 12 வயதில் மணம் முடித்து, வாய் திறவாதே என்று வளர்த்தவர்களைத்தான் குறை சொல்கிறோம். பாண்டியன் அவையில் முழங்கிய குரல் அவளுக்குள் புகாரிலேயே இருந்தது. அதைக் கேட்கத்தான் அந்த வீட்டில் ஆளில்லை. சிலம்பைப் பாடும் ஆசிரியர்கள், அடுத்த முறை அந்தப் பாடத்தை நடத்தும்போது, மாணவரையும் மாணவியரையும் பார்த்து இந்த ஒரு கேள்வியைக் கேட்கட்டும்: கண்ணகி சிலம்பை நீட்டியபோது, அவளும் கோவலனும் என்ன பேசியிருக்க வேண்டும்? அந்த விடைகளை மாணவர் எழுதட்டும். மனப்பாடம் செய்து எழுதும் கற்புக் கட்டுரையைவிட, அவர்கள் வாழ்வுக்கு அது பயன்படும்.